வண்டியின் அடியில் ஒரு துளி



இம்மாதம் என் சொந்த வண்டியில் சம்பவித்த ஒரு காரியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதை எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனாலும் நம்மில் அநேகர் பட்டணத்திற்கு வந்து, மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு பழைய காரை வாங்கி, அதைக் கண்ணும் கருத்துமாக ஓட்டி வருகிறவர்கள். ஆகையால் என் தவறு உங்களில் ஒருவருக்காவது எச்சரிப்பாக அமையட்டும்.

என்னிடம் உள்ளது 2007ஆம் ஆண்டில் பதிவான ஒரு சிறிய பெட்ரோல் கார். பதினைந்து ஆண்டுகள் நிறைந்தபோது பதிவைப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருந்ததால் கை சற்றே நடுங்கியது. ஆயினும் மும்பையின் மழையிலும் நெரிசலிலும் எங்களைச் சுமந்த வண்டி அல்லவா, விட மனமில்லை. கடைசியில் இவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அதை விற்றுவிடத் தீர்மானித்தேன். எங்கள் சபைக்கு வரும் ஓர் இளம் சகோதரன் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, துறைமுகத்தை அடுத்த ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். அவனுடைய எட்டு மாதக் குழந்தையை மாதந்தோறும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 85,000 ரூபாய்க்குப் பேசி, ஜூன் மாதத்தில் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

காவலாளி கண்டதும் நான் காணாததும்

பிப்ரவரி மாதம் ஒரு காலையில் எங்கள் குடியிருப்பின் காவலாளி என்னை நிறுத்தி, "சாப், காடி கே நீச்சே பானி" என்றான். வண்டியின் அடியில் உள்ளங்கை அகலத்திற்கு ஈரம் இருந்தது. "ஏசி தண்ணீர்தான்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அதற்கு முந்தின நாள் நான் ஏசியைப் போடவேயில்லை என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை, அல்லது நினைவுக்கு வர நான் இடங்கொடுக்கவில்லை.

சில வாரங்கள் சென்று என் மனைவி, "என்னங்க, வண்டியில் ஏறினால் பாகு காய்ச்சினது மாதிரி ஒரு வாசனை வருகிறதே" என்றாள். அதையும் நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்தபோது, கூலன்ட் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டிற்கும் கீழே இறங்கியிருந்தது. குழாய்த் தண்ணீரை ஒரு லிட்டர் ஊற்றினேன். பத்து நாளில் மறுபடியும் இறங்கிற்று. மறுபடியும் ஊற்றினேன். மார்ச்சில் வாரத்திற்கு ஒருமுறை ஊற்றினேன். ஏப்ரலில் மூன்று நாளைக்கு ஒருமுறை. டிக்கியில் இரண்டு பாட்டில் தண்ணீர் நிரந்தரமாகக் குடியேறிற்று.

மெக்கானிக்கிடம் போகாததற்குக் காரணம் என்ன? நேரமின்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. இரண்டு மாதத்தில் வேறொருவர் கைக்குப் போகப்போகிற வண்டிக்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீரையும் அந்த எண்ணந்தான் ஊற்றிற்று.

மலைப்பாதையில் நடந்தது

மே மாதம், பூனாவில் ஒரு விசுவாசியின் வீட்டுத் திருமணம். நான், என் மனைவி, எழுபத்தெட்டு வயதான என் மாமியார், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஆகிய நால்வரும் விடியற்காலையில் புறப்பட எண்ணி, வழக்கம்போல ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். வெயில் ஏறிவிட்டது. ஏசியைப் போட்டுக்கொண்டோம். கோபோலியைக் கடந்து கண்டாலாவை நோக்கி ஏற்றம் தொடங்குகிற இடத்தில், முன்னே சென்ற கனரக லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். அந்த மலைப்பாதையில் கோடைக்காலத்தில் பானெட்டைத் திறந்துவைத்து ஓரமாக நிற்கும் வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்று அவற்றுள் ஒன்றாக எங்கள் வண்டியும் நின்றது.

முதலில் ஏசிக் காற்று சூடாயிற்று. பிறகு வெப்பம் காட்டும் முள் நடுவிலிருந்து நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் விளிம்பிலிருந்து வெண்புகை கிளம்பிற்று. ஓரங்கட்டி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் தூக்கினேன். வண்டி துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, டிக்கியிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவரும்படி மகளிடம் சொல்லிவிட்டு, ரேடியேட்டர் மூடியின்மேல் கையை வைத்தேன். மகள் பாட்டிலோடு என் தோளருகே வந்து குனிந்து நின்றாள்.

"ஐயா, தொடாதீங்க! கையை எடுங்க!"

தமிழில் வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டேன். சற்று முன்னால் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு லாரி ஓட்டுநர் ஓடி வந்தார். நாமக்கல் வண்டி. வந்தவர் தம் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கையிலிருந்து கழுத்து வரைக்கும் சதை சுருங்கிப் பளபளத்தது. "இருபது வருஷத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான் துணியைச் சுத்திக்கிட்டுத் திறந்தேன். பாப்பா முகம் எங்க இருக்குன்னு பாருங்க ஐயா" என்றார்.

என் மகளின் முகம் அந்த மூடிக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

அப்பொழுது வண்டிக்குள்ளிருந்து என் மாமியார், "குக்கர் சத்தம் அடங்காமல் மூடியைத் திறக்கிற மனுஷனும் உண்டா?" என்று கேட்டார்கள். வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்த எனக்கு, அடுப்படியிலிருந்து வந்த அந்தப் பாடம் விளங்க ஐம்பத்தாறு வயதாயிற்று.

மூடிக்குள் இருப்பது என்ன?

அந்த மூடியைக் குறித்து நாம் யாவரும் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. ஏறக்குறைய அதே அளவான இன்னொரு பங்கைக் கூலன்ட்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். இதற்காக அந்த அமைப்பு முழுவதும் அழுத்தத்தில் மூடப்பட்டிருக்கிறது. உங்கள் வண்டியின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அது அந்த அழுத்தத்தின் அளவு. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 அளவுள்ள மூடியின் கீழ் ஏறக்குறைய 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் நீங்குகிறது; அடங்கியிருந்த தண்ணீர் ஒரே நேரத்தில் நீராவியாகிச் சீறி எழுகிறது. துணியும் கையுறையும் அதற்கு முன்னே நிற்காது.

இன்னொன்றும் உண்டு. முற்காலத்து வண்டிகளில் தண்ணீர் குறைவது இயல்பு. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றார். மோட்டார் வண்டியில் ஒருவர் மேற்கொண்ட முதல் நீண்ட பயணம் அது. அந்த எஞ்சின் தண்ணீரைக் கொதித்து ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொண்டது. ஆகையால் அவர் வழிநெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. பின்னர் 1901ஆம் ஆண்டு வெளிவந்த மெர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மைபாக் என்பவர் 8,070 சிறு குழாய்களைக் கொண்ட தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதனால் சுற்றி வர வேண்டிய தண்ணீரின் அளவு வெகுவாகக் குறைந்தது.

இன்று நாம் ஓட்டும் வண்டிகளில் கூலன்ட் மூடிய வட்டத்திற்குள்ளேயே சுற்றுகிறது. சூட்டில் விரிந்தால் டப்பாவுக்குப் போகிறது, ஆறினால் திரும்புகிறது. ஆகவே அது அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ ஓரிடத்தில் வெளியேறுகிறது என்பதே பொருள். நானோ நான்கு மாதங்களாக, 1888ஆம் ஆண்டின் வண்டியை ஓட்டுகிறவனைப்போல ஊற்றிக்கொண்டிருந்தேன்.

உஸ்தாத் கேட்ட முதல் கேள்வி

அந்த ஓட்டுநர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எங்களோடு நின்றார். எஞ்சின் நன்றாக ஆறின பின்பே ஈரக் கோணியை மூடியின்மேல் போட்டு, முதலில் கால் திருப்பு திருப்பி, மீந்திருந்த ஆவியை வெளியேற்றி, அதன் பின்பு முற்றிலும் திறந்தார். உள்ளே தண்ணீர் ஏறக்குறைய இல்லை. "இதோட ஏத்தத்துல ஓட்டாதீங்க, ஹெட் வளைஞ்சிடும்" என்றார். இழுவை வண்டியை வரவழைத்து லோனாவாலா வரை சென்றோம். குடும்பத்தார் அங்கிருந்து லோக்கல் ரயிலில் பூனாவுக்குப் போனார்கள். நான் வண்டியோடு மும்பைக்குத் திரும்பினேன். வண்டியை ஏற்றிவந்த செலவு மாத்திரம் 5,500 ரூபாய்.

குர்லாவில் ஒரு சந்துக்குள் பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரை உஸ்தாத் என்றே அழைப்பார்கள். அவர் பானெட்டைத் திறக்குமுன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்டர் சாகிப், எத்தனை நாளாகத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?" என்பதே. நான்கு மாதம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவர் முதலில் எஞ்சின் ஆயிலைப் பார்த்தார். ஆயில் அளக்கும் கம்பியையும் ஆயில் மூடியின் உட்புறத்தையும் துடைத்துப் பார்த்தார். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலந்து பால் காப்பியின் நிறத்தில் இருக்கக்கூடும். புகைக்குழாயிலிருந்து ஓயாமல் வெண்புகை வரும். ரேடியேட்டரில் குமிழிகள் எழும்பும். அப்படியொன்றும் இல்லை. "நல்ல வேளையில் நிறுத்தினீர்கள்" என்றார். நானாக நிறுத்தவில்லை, வண்டிதான் என்னை நிறுத்திற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரேடியேட்டரைத் தண்ணீரால் நிரப்பி, மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, 0.9 வரைக்கும் காற்றடித்தார். எஞ்சின் ஓடாமலேயே, ஓடும்போது இருக்கிற அழுத்தத்தை உண்டாக்கும் முறை அது. கசிவு இல்லையென்றால் பம்பின் முள் அசையாது. எங்கள் முள் கண்ணெதிரே இறங்கிற்று. ரேடியேட்டரின் அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேருகிற விளிம்பில், பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்த இடத்திலிருந்து துளித்துளியாய்ச் சொட்டிற்று. முற்காலத்துப் பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயப்பற்று வைத்து ஓட்டலாம். இந்த வகைக்கு அது நிலைக்காது, மாற்றத்தான் வேண்டும் என்றார்.

கசிவை அடைக்கும் மருந்து என்று ஒரு பாட்டிலை வழியில் ஒரு கடையில் பார்த்திருந்தேன். அதை ஊற்றினால் போதாதா என்று கேட்டேன். அவர் பழைய ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். செம்மண் கரைசலைப்போல ஒரு குழம்பு வழிந்தது. "இது நீங்கள் ஊற்றின குழாய்த் தண்ணீர் செய்த வேலை. ஏற்கெனவே பாதி அடைத்திருக்கிறது. அந்த மருந்துக்கு ஓட்டை எது, வழி எது என்று தெரியாது, இரண்டையும் அடைக்கும்" என்றார்.

புதிய ரேடியேட்டர் பொருத்தியாயிற்று. எனக்குப் புறப்பட அவசரம். அவரோ மறுபடியும் பம்பைப் பொருத்தி, மறுபடியும் 0.9 வரைக்கும் அடித்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார். பத்து நிமிடம் சென்று வந்து பார்த்தபோது முள் மயிரிழை அளவு இறங்கியிருந்தது. "இது போதாதா?" என்றேன். "பத்து நிமிடத்தில் இவ்வளவு இறங்கினால், ஒரு மாதத்தில் எவ்வளவு இறங்கும்?" என்று கேட்டுவிட்டு, டார்ச்சுடன் வண்டியின் அடியில் படுத்தார். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் அந்தத் துவாரத்தின் வழியாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும்படி அதை வைத்தே செய்திருக்கிறார்கள். அங்கே ஈரம் இருந்தது. என் வண்டியில் அந்தப் பம்பை டைமிங் பெல்ட் ஓட்டுகிறது. பெல்ட்டைக் கழற்றாமல் பம்பை எடுக்க முடியாது. ஆகையால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே புத்தி.

செலவுக் கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறேன். ரேடியேட்டர் 3,400, வாட்டர் பம்ப் 1,650, டைமிங் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் 1,450, ஹோஸ் பைப்புகளும் கிளிப்புகளும் 900, தெர்மோஸ்டாட் 450, புதிய மூடி 150, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் 800, கூலி 2,500. ஆகமொத்தம் 11,300 ரூபாய். இழுவைச் செலவையும் சேர்த்தால் 16,800. பிப்ரவரியில் காவலாளி சொன்ன அன்றே வந்திருந்தால் ஏறக்குறைய 5,000 ரூபாயில் முடிந்திருக்கலாம் என்றார் உஸ்தாத்.

அந்தச் சகோதரன் சொன்னது

வண்டி சரியாயிற்று. ஆனால் என் மனம் சரியாகவில்லை. மலைப்பாதையில் என் மகளின் முகம் இருந்த இடத்தில் வேறொரு முகம் எனக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது. ஜூன் மாதத்தில், அந்த இளம் சகோதரன் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது நின்றிருப்பான். மூடியின்மேல் அவன் கை இருந்திருக்கும். அவனுக்குச் சத்தமிட்டுச் சொல்ல ஒருவரும் இல்லாமலும் இருந்திருக்கலாம். கள்ளத் தராசைக் குறித்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். தண்ணீர்ப் பாட்டிலும் தராசாகலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து, பிப்ரவரி முதல் நடந்த யாவற்றையும் சொன்னேன். பில்லையும் கழற்றின பழைய பம்பையும் அவன் கையில் கொடுத்தேன். வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லிவிடு, ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். அவன் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "பாஸ்டர், மார்ச் மாதம் வண்டியைப் பார்க்க வந்தபோதே அடியில் ஈரம் இருந்ததைப் பார்த்தேன். பாஸ்டர் வண்டிதானே, கேட்பது மரியாதை இல்லை என்று கேட்கவில்லை."

அந்தப் பில்லின் எந்த வரியும் என்னை அந்த வார்த்தையைப்போல் குத்தவில்லை. நம் ஜனங்கள் அந்நிய ஊரில் ஒருவரையொருவர் நம்பித்தான் வீடு பிடிக்கிறார்கள், பெண் கொடுக்கிறார்கள், வண்டி வாங்குகிறார்கள். "நம் சபைக்காரர்", "நம் ஊர்க்காரர்" என்ற ஒரு சொல்லே இங்கே பத்திரமாகவும் ரசீதாகவும் இருக்கிறது. ஆகவே விற்கிறவர்களே, அவர்கள் கேட்கவில்லை என்பது நீங்கள் சொல்லாமலிருக்கப் போதிய காரணமல்ல. வாங்குகிறவர்களே, கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஊழியக்காரனிடத்திலும் கேளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது திறந்து பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

அவனும் நானும் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். இன்னும் ஒரு மாதம் வண்டி என்னிடமே இருக்கும். கூலன்ட் டப்பாவில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்பாக, எஞ்சின் ஆறியிருக்கையில் இருவருமாகப் பானெட்டைத் திறந்து பார்ப்போம். கோடு இறங்கினால் பேரம் இல்லை.

வீட்டில் நினைவில் கொள்ள வேண்டியவை

1. வண்டியின் அடியில் ஈரம் கண்டால், இரவில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். ஏசித் தண்ணீர் நிறமும் வாசனையும் இன்றி, காய்ந்தால் அடையாளமின்றிப் போய்விடும். கூலன்ட்டோ பச்சை, சிவப்பு, நீலம் என ஏதாவது ஒரு நிறமும், வழவழப்பும், இனிப்பான வாசனையும் உள்ளது. காய்ந்த இடத்தில் பொருக்குத் தட்டும். வண்டிக்குள் கால்மிதி நனைந்து, அதே வாசனையும் வந்தால், ஹீட்டர் காயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

2. நம் ஊரில் பனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று அநேகர் கேட்கிறார்கள். அது உறைவதை மாத்திரம் தடுப்பதல்ல. கொதிநிலையை உயர்த்துகிறது, துருவையும் உப்புப் படிவதையும் தடுக்கிறது. கலந்தே விற்கப்படுவதை அப்படியே ஊற்றலாம். கலக்காததை டிஸ்டில்டு வாட்டரோடு, கையேட்டில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். நிறத்தை மாத்திரம் பார்த்து வாங்க வேண்டாம். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. அவசரத்திற்கு வெறும் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் அது மெக்கானிக் கடை வரைக்கும் போவதற்கே.

3. ஓட்டும்போது முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுமையாகத் திறந்து, பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம், ஏற்றத்தில் வந்த வண்டியானால் அதற்கும் அதிகமாகக் காத்திருங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். இரும்பும் அலுமினியமும் வெடிக்கக்கூடும். எஞ்சினை அணைத்த பின்பும் மின்விசிறி தானாகச் சுழலலாம். கையை உள்ளே விடாதீர்கள். பிள்ளைகளை அருகே நிறுத்தாதீர்கள்.

4. முள்ளை மாத்திரம் நம்ப வேண்டாம். தண்ணீர் முற்றிலும் வற்றிவிட்டால், முள்ளை இயக்கும் கருவி வெறும் காற்றில் நின்று, சூடு குறைந்ததுபோலக் காட்டவுங்கூடும்.

5. கூலன்ட்டில் சேர்கிற எத்திலீன் கிளைகால் சுவையில் இனிப்பானது. ஆனால் கொடிய விஷம். சிறிதளவு குடித்தாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். மீதியான கூலன்ட்டை நான் ஒரு குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றிப் பால்கனியில் வைத்திருந்தேன். என் மனைவிதான் கண்டு எடுத்து, அது வந்த டப்பாவிலேயே ஊற்றிப் பூட்டி வைத்தாள். குழந்தைகள் உள்ள வீட்டாரே, தயவுசெய்து அந்தத் தவறைச் செய்யாதீர்கள். தெருவில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாய்களும் பூனைகளும் நக்கிச் சாகும்.

6. பழுதுபார்த்த பின் மறுபடியும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். புதிய கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, உள்ளே தங்கின காற்றை வெளியேற்றினார்களா என்றும் விசாரியுங்கள். காற்று தங்கினால் புதிய பாகங்கள் இருந்தும் எஞ்சின் கொதிக்கும்.

நான்கு ஞாயிறுகள் கடந்தன. கோடு இறங்கவில்லை. ஜூலை மாதம் முதல் வாரத்தில் சாவியை அந்தச் சகோதரனிடம் கொடுத்தேன். பேசின 85,000 ரூபாயையே அவன் கொண்டுவந்தான். இழுவைச் செலவு வண்டிக்கான செலவல்ல, என் அலட்சியத்திற்கான செலவு என்று அதை நானே ஏற்றுக்கொண்டேன். பழுதுபார்த்த செலவையும் அவன்மேல் ஏற்றவில்லை.

இப்பொழுது நான் சபைக்கு லோக்கல் ரயிலில் போகிறேன். ஞாயிறு காலையில் அந்த வண்டி சபை வாசலில் நிற்கும். உள்ளே போகுமுன் அதன் அடியை ஒருமுறை குனிந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சென்ற வாரம் அந்தச் சகோதரன் அதைக் கண்டுவிட்டுச் சிரித்தான். "பாஸ்டர், நானும் காலையில் பார்த்துவிட்டேன், காய்ந்துதான் இருக்கிறது" என்றான்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.